குழாய்களுக்கு வந்த குளிர்காய்ச்சல்

நூலக்காவுக்குக் கோபம் வரும் என்று சொன்னால் அது சரியாகாது. கோபம் அங்கேயே குடியிருந்தது. ஆட்கள்தான் அதற்குள் வந்து போனார்கள். டயர்க் கடைக்கு மேலே, நான்கு அறைகளில் இயங்கிய அந்த அனிமேஷன் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இரண்டு விஷயங்கள் சொல்லிவிடுவார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் விழாது, ஏதாவது பாடிக்கொண்டே இருக்க வேண்டும். நூலக்காவின் நாற்காலிக்குப் பின்னால் மட்டும் நிற்கவே கூடாது. முதலாவதை மறந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

நாற்பத்தேழு வயதில் அவள் அங்கே எல்லாருக்கும் அக்கா. முதலாளிக்கும் அக்கா. 'நூல்' என்ற அடைமொழி அவள் போடும் கோட்டால் வந்தது. திரையில் தெரிகிற ஆகச் சிறிய புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். மற்றவர்கள் ஐந்து பிக்சல் கனத்தில் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், இவள் ஒரே பிக்சலில் போட்டுவிட்டு அதையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தப் பிடிவாதம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. இருபத்திரண்டு வயதில் ஒரு நில அளவை ஆபீசில், பழைய வரைபடங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலைக்குப் போனாள். அங்கே கோடு மயிரிழை தடித்தால் ஒருவர் வீட்டுக் குளியலறை அடுத்தவர் மனைக்குள் போய் நின்றுவிடும். போயும் நின்றது. அவள் போட்ட ஒரு தடித்த கோட்டுக்காக அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் அந்த ஆபீசில், அவள் மேஜைக்கு முன்னாலேயே, குடையால் அடித்துக்கொண்டார்கள். இருவரையும் விலக்கிவிடப் போய் முழங்கையில் ஓர் அடி வாங்கிய அவள், அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தாள்: தடித்த கோடு என்பது சோம்பேறி சொல்கிற பொய். பிறகு அந்த ஆபீஸ் போய், வரைபடத்தை நகர வைக்கிற இந்த வேலை வந்தும் முடிவு மாறவில்லை. முழங்கை மட்டும் ஆறிவிட்டது.

இத்தனை வருஷத்தில் அவள் கோடு ஒருமுறைகூட நடுங்கியதில்லை. அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு அப்படி எரிந்தது.

வேலை, குடிநீர் வாரியத்தினுடையது. நகரின் பழைய பகுதியில் தெருத் தெருவாகத் தோண்டிக் குழாய் மாற்றப் போகிறார்கள். தோண்டும் முன் மக்களைக் கூப்பிட்டு, எது எங்கே போகிறது என்று காட்ட வேண்டும். அதற்கு இரண்டு நிமிஷம் நாற்பது நொடி ஓடும் ஒரு விளக்கப்படம். நீலக் கோடு குடிதண்ணீர். பழுப்புக் கோடு கழிவுநீர். முப்பத்தொரு தெருக்களில் இரண்டும் ஒரே பள்ளத்தில் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. படத்தில் அவற்றுக்கு நடுவே மூன்று பிக்சல் இடைவெளி. நூலக்கா மூன்று மாதம் உட்கார்ந்து நாலாயிரத்துச் சொச்சம் கோடுகளை இழுத்திருந்தாள்.

வாரியத்தின் மண்டபத்தில், சுவர் அகலத் திரையில், சோதனையாக ஓட்டிப் பார்த்தார்கள். வரைபடம் மெல்லச் சுழன்று திரும்பத் தொடங்கியதும் கோடுகளுக்குப் பல் முளைத்தது. திரையில் சாய்ந்த கோடு என்று எதுவும் கிடையாது, எல்லாம் படிக்கட்டுதான். படிகளின் ஓரத்தில் மென்பொருள் கொஞ்சம் மங்கல் நிறத்தைப் பூசி, கண்ணுக்கு நேர்க்கோடு போலக் காட்டும். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் படிகள் அப்பட்டமாகத் தெரியும். படம் நகரும்போது படிகள் ஊரும். நாலாயிரம் கோட்டிலும் ஊர்ந்தன. எறும்புப் புற்றைக் காலால் உதைத்துவிட்டது போல இருந்தது முழு நகரமும்.

வாரியத்துப் பொறியாளர், ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிறவர், கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது? குழாய்க்கெல்லாம் குளிர்காய்ச்சலா?"

முன்வரிசையில் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நூலக்கா சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சிரிப்பு வரிசையாக அணைந்தது.

படியிறங்கும்போதே முதலாளி வைத்தியம் சொல்லிவிட்டார். "தடிமனாக்கிடுங்கக்கா. அஞ்சு பிக்சல். பல்லும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"தடிமனாக்கினா நீலமும் பழுப்பும் ஒட்டிக்கும் சார்."

"ஒட்டினா என்ன?"

அவள் படியிலேயே நின்றாள். "குடிக்கிற தண்ணியும் கக்கூஸ் தண்ணியும் ஒரே குழாய்ல போற மாதிரி படம் போட்டு, அதை ஊர்க்காரங்களையே கூப்பிட்டு உட்கார வச்சுக் காட்டப் போறீங்க. செருப்பு எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு மட்டும் சொல்லுங்க, நான் அந்தப் பக்கம் உட்கார மாட்டேன்."

முதலாளி நல்ல மனிதர். யாரையும் வேலையைவிட்டு அனுப்ப மாட்டார். வேலையை அவர்களைவிட்டு அனுப்புவார். "நாளைக்கு மதியம் பன்னெண்டு மணிக்கு மறுபடி பார்க்க வர்றாராம். அதுக்குள்ள சரியானா சரி. இல்லேன்னா மச்சான் பார்த்துக்கட்டும். பின்னாடி இன்னும் நாலு படம் தர்றதா வாரியத்துல பேச்சு. அதையும் சேர்த்து அவனே..." என்று முடிக்காமல் காரில் ஏறிக்கொண்டார். முடிக்கத் தேவையும் இல்லை. வரைபடம் மச்சானிடம் போனால் பிறகு நூலக்காவுக்கு மிஞ்சுவது விளம்பரப் படங்களில் எழுத்தைப் பறக்கவிடுகிற வேலை.

மச்சான் என்பவன் முதலாளி மனைவியின் தம்பி. இருபத்தெட்டு வயது. முதலாளி கூப்பிடுவதைக் கேட்டு ஆபீஸ் முழுக்க, டீ கொண்டு வருகிற அம்மாள் உட்பட, அவனை மச்சான் என்றே கூப்பிட்டது. நூலக்கா மட்டும் 'தம்பி' என்பாள். அதில் பாசம் இருப்பதாக யாரும் தவறாக நினைத்ததில்லை.

மறுநாள் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தாள். தன் மானிட்டரில் படத்தை ஓட்டினாள். கோடுகள் வழுவழுவென்று போயின. ஒரு பல் இல்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். இன்னும் வழுவழுப்பாக இருந்தது. நேற்று மண்டபத்தில், முப்பதடி தூரத்திலிருந்து பார்த்தபோது பற்கள் துல்லியமாகத் தெரிந்தனவே? இங்கே இல்லாதது அங்கே இருக்கிறது என்றால் கோளாறு அங்கேதான். இந்தக் கணக்கில் பிழையே இல்லை. ஒன்பது மணிக்கு மண்டபத்துப் புரொஜெக்டர்காரரைப் போனில் பிடித்தாள்.

"உங்க மெஷின் என் கோட்டைக் கடிச்சு வைக்குது."

"மெஷினை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. போன வாரம்தான் பல் டாக்டருங்க மாநாடு. இதே மெஷின்லதான் ஒவ்வொரு பல்லாக் காட்டினோம். ஒருத்தரும் குறை சொல்லலை."

"அந்தப் பல்லெல்லாம் இன்னும் உள்ளேயே இருக்கு போல. துடைச்சுப் பாருங்க!"

போனை வைத்தாள். வைத்த வேகத்தில் பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. இருந்தாலும் அரை மனதாகத் தன் பக்கத்தையும் சோதித்தாள். எல்லாக் கோட்டையும் முழுப் பிக்சலில் நேராக உட்கார வைத்தாள். படக் கோப்பை வேறு வடிவத்தில் மாற்றி எடுத்தாள். திரையில் படத்தைச் சுருக்கிப் பார்த்தால் கோடு பொய் சொல்லும் என்பதால் நூறு சதவீத அளவில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் அழகு. அழகாக இருக்க இருக்க ஆத்திரம் ஏறியது. தப்பு தெரிந்தால் திருத்தலாம். தெரியவே தெரியாத தப்பை என்ன செய்வது?

பத்து மணிக்கு முதலாளியின் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். மச்சான் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தான். படம் முழுவதற்கும் லேசாக ஒரு மங்கலைப் போர்த்திவிட்டான். பற்கள் மறைந்தன. கூடவே தெருப் பெயர்களும், வீட்டு எண்களும், பாதி நகரமும் மறைந்தன. குளித்து முடித்தவுடன் கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் முதலாளி.

"யாருக்கு?" என்றாள் நூலக்கா. "தன் தெரு எதுன்னே தெரியலேன்னா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்கன்னு திட்டமா? வாரியத்துக்கு ரொம்பப் பிடிக்கும் சார் இது. விலையை ஏத்திக் கேளுங்க."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மச்சான் பின்னாலேயே வந்தான். சமாதானம் பேசத்தான் வந்தான். ஆனால் வந்து நின்ற இடம் தப்பு. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாக மானிட்டரைப் பார்த்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னான்:

"அக்கா, மண்டபத்துக்கே போக வேண்டாமே. இங்கேயே பல் தெரியுதே."

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"எங்கே தெரியுது?"

"இதோ... இது முழுக்க."

நூலக்கா நாற்காலியைத் திருப்பினாள். "முழுக்கத் தெரியுதா? இருக்கிற இடம் எப்படி உனக்கு மட்டும் அவ்வளவு நல்லாத் தெரியுது? வச்சவனுக்குத்தானே தெரியும்! நான் சாப்பிடப் போன நேரத்துல என் ஃபைலைத் தொட்டியா?"

"இல்லக்கா."

"என் செட்டிங்கை மாத்தினியா?"

"தொடவே இல்லக்கா."

"இந்த நாற்காலி வேணும்னா வாயைத் திறந்து கேளு. என் கோட்டைக் கெடுத்து வாங்காதே. மூணு மாசம்டா! உன் வயசுல நான் ஒரு கோட்டுக்காகக் குடையால அடி வாங்கியிருக்கேன்!"

"அக்கா, சத்தியமா நான்..."

"போடா!"

அவன் முகம் செத்துப்போய், தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். டீ கொண்டு வந்த அம்மாள் அவனுக்கு மட்டும் கேட்காமலே சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். நூலக்கா அதையும் பார்த்தாள். அதுவும் எரிந்தது.

ஆத்திரத்தை இறக்கி வைக்க ஒரே இடம் புருஷன். அவர் மூன்று தெரு தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இருபது வருஷமாக இவள் போன் வந்தால், எதிரே இருக்கிற வாடிக்கையாளரிடம் 'ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டு முழுக்கக் கேட்பார். இன்றைக்கும் கேட்டார். வாரியம், முதலாளி, பல் டாக்டர்கள், மச்சான் எல்லாம் முடிந்ததும் நிதானமாக ஒன்று கேட்டார்.

"பல்லு தூரத்துல தெரியுது, பக்கத்துல தெரியலை. அப்படித்தானே?"

"ஆமா."

"நான் செஞ்சு கொடுத்த கண்ணாடி எங்கே இருக்கு?"

"ஏங்க, நான் எதைப் பத்திப் பேசறேன், நீங்க எதைப் பத்திப் பேசறீங்க?"

"ரெண்டு பேரும் ஒண்ணைப் பத்தித்தாம்மா பேசறோம்."

போனை வைத்துவிட்டாள்.

நான்கு மாதத்துக்கு முன் அவர் அந்தக் கண்ணாடியைச் செய்து கொடுத்திருந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவரின் மனைவி இரவு மருந்துச் சீட்டைக் கை நீட்டிப் பிடித்து வாசிக்கிறாள் என்பது தொழிலுக்கே இழுக்கு என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஒரு பிக்சலைக் கண்ணால் அளக்கிறவளுக்குக் கண்ணாடியா என்று அவள் சிரிக்காமல் வாங்கிக் கைப்பையின் ஓரத்து அறையில் போட்டாள். போட்டது போட்டபடி கிடந்தது. இப்போது அதை எடுத்தாள். அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க வேண்டும், மத்தியானமே கடைக்குப் போய் அதை மேஜை மேல் வைத்து 'இந்தாங்க உங்க கண்ணாடி' என்று சொல்ல வேண்டும் என்கிற ஒரே நோக்கத்தோடு எடுத்து மூக்கில் மாட்டினாள்.

மானிட்டர் முழுக்கப் பல்.

ஒன்றிரண்டு அல்ல. ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு குழாயிலும் ரம்பம் ரம்பமாக. கண்ணாடியைக் கழற்றினாள். வழுவழு. மாட்டினாள். ரம்பம். மென்பொருள் பூச வேண்டிய மங்கலை இத்தனை நாளும் அவள் கண் இலவசமாகப் பூசிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மச்சான் போர்த்தியது மாதிரியே ஒரு மங்கல். அதைப் பார்த்துத்தான் அவள் 'அழகு' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

 கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தாள். பல் எங்கிருந்து வருகிறது?

நாலாயிரம் கோட்டை முழுத் தரத்தில் ஓட்டினால் எந்தக் கணினியும் நொண்டும். அதனால் வேலை நடக்கிற நாட்களில் கோடுகளைக் 'கச்சா' நிலையில் வைத்திருப்பார்கள். ஓரப்பூச்சு இல்லாத நிலை, வேகமாக ஓடும். படத்தை இறுதியாக வெளியே எடுக்கும் முன், அதாவது ரெண்டர் போடும் முன், எல்லாவற்றையும் முழுத் தரத்துக்கு மாற்ற வேண்டும். இதை மறக்கக் கூடாது என்று அந்த ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'கச்சாவை மாற்றாமல் ரெண்டர் போடுகிறவர்கள் கண்ணைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரவும்.' கையெழுத்து நூலக்காவினுடையது.

அவள் மறக்கவில்லை. படக் கோப்புக்குள் இருந்த உட்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருந்தாள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு குட்டிச் சின்னம் இருக்கும். முழுத் தரம் என்றால் சின்னதாக ஒரு சாய்ந்த கோடு. கச்சா என்றால் அதே சாய்ந்த கோடு, பல்லோடு. கடுகளவு கோட்டில் நாலு பல். அவள் கண்ணுக்கு எல்லாச் சின்னமும் வழுவழுப்பான சாய்ந்த கோடாகத்தான் தெரிந்திருக்கின்றன. ஆறு பெட்டிகளில் குழாய்க் கோடுகள் இருந்த நான்கும் அப்படியே பல்லோடு கிடந்தன.

அதுகூடப் போகட்டும். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது மென்பொருள் தானாகவே எல்லாவற்றையும் முழுத் தரத்துக்கு ஏற்றிவிடும். வேறு யாராக இருந்தாலும் இந்தத் தப்பு அங்கேயே செத்திருக்கும். நூலக்கா இரண்டு வருஷத்துக்கு முன்பே அந்த வசதியை அணைத்து வைத்திருந்தாள். 'நான் சொன்னதை மட்டும் செய், எனக்கு நீ புத்தி சொல்ல வேண்டாம்' என்று அன்றைக்கு மென்பொருளோடும் ஒரு சண்டை.

மென்பொருள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது.

மணி பத்து ஐம்பது. எல்லாவற்றையும் மாற்றினாள். கண்ணாடியோடு ஒவ்வொரு சின்னமாக எண்ணிச் சரிபார்த்தாள். ரெண்டர் போட்டாள், முப்பது நிமிஷம் என்றது. இப்போது செய்ய வேறு வேலை இல்லை. கோபம் மட்டும் கையில் மிச்சம் இருந்தது, கொடுக்க ஆளில்லை. புரொஜெக்டர் யோக்கியன். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. புருஷன் சொன்னது சரி. அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சொல்லாமலும் விட்டுவிடலாம். 'புரொஜெக்டர்லதான் கோளாறு, நான் பார்த்துச் சரிக்கட்டிட்டேன்' என்று ஒரு வார்த்தை போதும். இந்த ஆபீசில் அவள் சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். நாற்காலி பத்திரமாக இருக்கும். மச்சான் அவள் கோப்பில் கை வைத்தவன் என்கிற பேரோடு மூலையில் உட்கார்ந்திருப்பான். நில அளவை ஆபீசில் குடையோடு வந்த அண்ணன் கேட்டது ஞாபகம் வந்தது. 'இந்தக் கோட்டைப் போட்டது யாரு?' அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அவளும்தான் திறக்கவில்லை.

எழுந்து நேராக மச்சான் மேஜைக்குப் போனாள். மூக்கில் கண்ணாடியோடு போனாள். ஆபீஸே பார்த்தது, பார்க்காத மாதிரி.

"ஏன்டா, நான் அந்தக் கத்து கத்தறேன், தொடலைன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னேன்க்கா. மூணு தடவை."

"மூணு தடவை சொன்னா எனக்குக் கேட்குமா? நான்தான் கத்திக்கிட்டு இருந்தேனே!" குரல் முதலாளி அறை வரைக்கும் போனது; போக வேண்டும் என்றுதான் போனது. "நான்தான் பண்ணினேன். நாலு பெட்டியைக் கச்சாவிலேயே விட்டுட்டேன். சின்னம் தெரியலை எனக்கு. கண்ணு தெரியலை. போதுமா? எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? வேலையைப் பாருங்க!"

மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. இருந்தும் மச்சானுக்கு அது கிடைத்துவிட்டது. "கண்ணாடி நல்லா இருக்குக்கா" என்றான்.

"அதை நான் கேட்டேனா?" என்றாள். "உன் மங்கலை இனிமே எந்தப் படத்துலயாவது பார்த்தேன், விரலை ஒடிச்சிடுவேன். ஆனா பல்லு இருக்குன்னு சொன்னே பாரு, அது சரி. இனிமே ரெண்டர் போடறதுக்கு முன்னாடி வந்து பின்னாடி நில்லு. ஒரு தடவை. உடனே போயிடணும்."

முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நிலைமையை நொடியில் புரிந்துகொண்டு திரும்ப மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு மண்டபம். விளக்கை அணைத்தார்கள். நகரம் மெல்லச் சுழன்றது. நீலமும் பழுப்பும் முப்பத்தொரு தெருவிலும் தொடாமல், நடுங்காமல், சேர்ந்தே நடந்தன. நூலக்கா மூச்சுவிடாமல் பார்த்தாள். தூரத்துக்கு அவள் கண்ணில் எந்தக் குறையும் இல்லாததால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

படம் முடிந்தது.  பொறியாளர் கையிலிருந்த காகிதப் பிரதியை, படத்தின் கடைசிக் காட்சி அச்சிட்டதை, முகத்துக்கு நேரே பிடித்தார். எட்டப் பிடித்தார். இன்னும் எட்ட, கை நீளுகிற மட்டும் பிடித்தார்.

"காய்ச்சல் விட்டுடுச்சு, சரி. ஆனா கோடு ரொம்ப மெல்லிசா இருக்கேம்மா. இதுல ரெண்டும் எனக்கு ஒண்ணாத் தெரியுது. கொஞ்சம் தடிமனா..."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

நூலக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது. தலைக்குப் போகும் வழியில், அந்த நீட்டிய கையைப் பார்த்ததும், எங்கோ கொஞ்சம் தடுக்கியது. நேராகப் போய்த் தன் கண்ணாடியை அவர் முன் நீட்டினாள்.

"போட்டுப் பாருங்க சார்."

"எனக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தாம்மா..."

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்குக் காலைல வரைக்கும். போட்டுப் பாருங்க!"

அது கெஞ்சலா அதட்டலா என்று குமாஸ்தாக்களுக்குப் புரியவில்லை. பொறியாளருக்குப் புரிந்திருக்க வேண்டும். வாங்கி மாட்டினார். பெண்கள் போடுகிற சட்டம், பக்கங்களில் குட்டிப் பூ. காகிதத்தை மெல்லக் கிட்டே கொண்டு வந்தார். விரலை வைத்து ஒரு தெருவோடு போனார். நீலத்தில் ஒருமுறை. பழுப்பில் ஒருமுறை. நடுவில் விரல் நின்றது.

"ரெண்டுக்கும் நடுவுல இடம் இருக்கு" என்றார்.

"மூணு பிக்சல்."

"ம்." இன்னொரு தெருவுக்குப் போனார். இன்னொன்று. கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "சரிம்மா. இதுவே இருக்கட்டும். அடுத்த படமும் நீயே போடு."

"அது இருக்கட்டும் சார்" என்றாள் நூலக்கா, கையை நீட்டி. "கண்ணாடியைக் கொடுங்க. எங்க ஆபீஸ்ல இருந்து மூணு தெரு தள்ளிக் கண்ணாடிக் கடை இருக்கு, போய் உங்களுக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கங்க. யார் அனுப்பினாங்கன்னு மட்டும் அந்த ஆள்கிட்ட சொல்லிடாதீங்க."